கோட்டை மானைத் தொடாதவர்கள் காட்டு மானை உண்பது ஏன்?

உப்புவெளி வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில் வாழ்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்லும் வீதியிலும், நகரின் கடற்கரையோரத்திலும் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. கோயிலுக்குப் போகிறவர்கள் அவற்றுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். கடைக்காரர்கள் எஞ்சிய மரக்கறியை எடுத்து வைத்துக் கொடுக்கிறார்கள். வீதியைக் கடக்கும் மானுக்காக வாகனங்கள் நின்று போகின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துச் சமைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்பவர் அதிர்ந்துபோவார். ஆனால், அதே நகரத்தவர்களில் சிலர், காட்டோரத்துக் கிராமத்தில் உறவினர் வீட்டில் மான் வத்தல் கிடைத்தபோது விரும்பி உண்டதை நான் அறிவேன். மானை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை விற்பதும் நாடு முழுவதற்கும் பொதுவான குற்றங்கள். ஆகவே இந்த வேறுபாட்டைச் சட்டத்தைக் கொண்டு விளக்க முடியாது.

இதே போன்ற இன்னொன்றும் உண்டு. ஊர்ப்பன்றியின் இறைச்சியைக் கண்டாலே அருவருக்கும் எங்கள் சைவக் குடும்பங்கள் சிலவற்றில், காட்டுப்பன்றி இறைச்சிக்குத் தடை இருப்பதில்லை. இறாலை விரும்பி உண்கிற நாம் வெட்டுக்கிளியை உண்ணும் மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வியக்கிறோம்.

நான் பதினோராம் தர மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஒரு மாணவி இக்கேள்வியை வகுப்பில் எழுப்பினார். வகுப்பில் சைவர், முஸ்லிம், கத்தோலிக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். "அவரவர் மதம் அப்படிச் சொல்கிறது" என்ற ஒரு வரியோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் கோட்டை மானைப் பற்றி எந்த மதமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டம் சில விலங்குகளை உணவாகவும் சிலவற்றை விலக்காகவும் கொள்வதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்கள் எவை, அவற்றுள் எது நம் மாவட்டத்து வாழ்க்கையோடு பொருந்துகிறது என்பதை விளக்க முடியுமா?

தம்பலகாமத்தான் எழுதியது:

ஆசிரியை அவர்களே, நான் வயற்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால் மாட்டிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், இந்தியாவில் பசு கொல்லப்படாமைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு என்று வாதிட்டார். உழவுக்கு எருது வேண்டும், எருதை ஈனுவதற்குப் பசு வேண்டும், சாணம் எருவாகவும் எரிபொருளாகவும் பயன்படுகிறது, பாலும் கிடைக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் பசிக்காகப் பசுவைக் கொன்று தின்றுவிட்ட உழவனுக்கு, மழை பெய்த ஆண்டில் ஏர் பூட்ட மாடு இராது. எனவே பஞ்சகாலத்து ஆசையிலிருந்து உழவனைக் காக்கும் வேலியாக அந்த விலக்கு எழுந்தது என்பது அவருடைய கருத்து. தம்பலகாமம், மூதூர், கிண்ணியா பகுதிகளின் பழைய விவசாயத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சேற்றை மிதித்துப் பண்படுத்தியதும், களத்தில் சூடு மிதித்ததும் எருமைகள்தாம். இன்று நாம் சட்டித் தயிர் உண்பதும் அவற்றால்தான்.

பன்றியைப் பற்றியும் அவர் இதே முறையில் சொன்னார். மத்திய கிழக்கின் வெப்பமும் வறட்சியும் பன்றிக்கு ஏற்றவையல்ல. அது போதிய அளவு வியர்ப்பதில்லை, உடலைக் குளிர்விக்கச் சேறும் நிழலும் வேண்டும். ஆடுமாடுகளைப் போலப் புல்லை மட்டும் தின்று அது வாழ முடியாது; மனிதன் உண்ணும் தானியத்துக்கே போட்டியிடும். பால் தராது, ஏர் இழுக்காது, மேய்ச்சலுக்காகத் தொலைதூரம் நடக்காது. காடுகள் அழிந்த பிறகு அந்நிலத்தில் பன்றி வளர்ப்பது இழப்பாகவே முடிந்தது என்றும், அந்த இழப்புக்கு எதிரான அறிவே மதவிதியின் வடிவத்தில் நிலைபெற்றது என்றும் ஹாரிஸ் கருதினார்.

இவ்விளக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முழுமையாக ஏற்கவில்லை. எங்கள் வயல்களில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாட்டை நம்பி இன்று யாரும் விதைப்பதில்லை. அப்படியிருந்தும் மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் உண்ணாமலேயே இருக்கின்றன. ஒரு விலக்கு தோன்றிய காரணமும், அது தொடர்ந்து நிலைக்கும் காரணமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை ஹாரிஸைப் படிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

நம்முடைய முன்னோர் எல்லாக் காலத்திலும் ஒரே உணவுப் பட்டியலை வைத்திருந்தார்கள் என்று எண்ணுவதும் சரியன்று. அகநானூற்றின் 129ஆம் பாடல், கொழுத்த ஆவைத் தின்ற மழவரைப் பற்றிப் பேசுகிறது. புலனழுக்கற்ற அந்தணாளன் என்று போற்றப்பட்ட கபிலர், ஊன் கலந்த சோறு உண்டு மென்மையான தம் கைகளைப் பற்றிப் புறநானூற்றின் 14ஆம் பாடலில் தாமே சொல்கிறார். 119ஆம் பாடலில் புற்றிலிருந்து எழும் ஈசலை மோரில் புளிக்கவைத்த உணவைப் பாடுகிறார். ஆகவே பூச்சி உண்பது தமிழருக்கு அந்நியமான செயலாக என்றும் இருந்ததில்லை. பிறகு சமணமும் பௌத்தமும் செல்வாக்குப் பெற்ற காலத்தில் புலால் மறுத்தல் ஓர் அறமாக வளர்ந்தது. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரமே ஒதுக்கி, தின்பதற்கென்று உலகத்தார் கொல்லாதிருந்தால் விலைக்காக ஊன் விற்பவரும் இரார் என்று வாதிடுகிறது. "நான் கொல்லவில்லை, வாங்கித்தான் உண்கிறேன்" என்பவருக்கு அது நேரான மறுப்பு. யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் புலாலுணவையும் கோயில்களில் நடந்த உயிர்ப்பலியையும் கடுமையாக எதிர்த்தார். சைவம் என்றால் மரக்கறி உணவு என்று இன்று நம் வீடுகளில் பொருள்படுவதற்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுகளின் வாதங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விலக்குகளுக்கும் வரலாறு உண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

கிண்ணியா அன்பர் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியில் முஸ்லிம் மாணவர்களையும் நினைவில் வைத்திருப்பதால் எங்கள் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பன்றி இறைச்சி நோய் தருவதால்தான் தடுக்கப்பட்டது என்று எங்களிலேயே பலர் விளக்கம் சொல்வதுண்டு. இது பழைய விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸ் ஏறக்குறைய இதையே சொன்னார். 1835ஆம் ஆண்டு இலண்டனில் மனிதத் தசையில் நுண்புழு கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் அது பன்றி இறைச்சி வழியாகப் பரவுவது தெரியவந்தபோது அந்த விளக்கம் மேலும் வலுப்பெற்றது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆடும் மாடும் அடைப்பான் நோயைப் பரப்பக்கூடியவை. அது உயிரையே பறிக்கும். அப்படியிருந்தும் அவை தடுக்கப்படவில்லை. நன்றாகச் சமைத்தால் அந்தப் புழு இறந்துவிடும் என்பதால், நோய் மட்டுமே காரணம் என்று சொல்கிறவர், சமைத்த பன்றியை உண்ணலாம் என்று ஒப்புக்கொள்ள நேரும். ஒரு முஸ்லிம் அதை விலக்குவது இறைவன் விலக்கினான் என்பதற்காக. பயன் இருந்தால் அது கூடுதல் நன்மை. இதை மாணவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லலாம். நம்பிக்கையால் கீழ்ப்படிவதைச் சுகாதாரப் பாடமாக மாற்றினால், நம்பிக்கை, சுகாதாரம் ஆகிய இரண்டையுமே தவறாக விளக்கியவர்களாவோம்.

அதே வேளையில், விதி வேறு, தனிப்பட்ட மனப்பாங்கு வேறு என்பதை எங்கள் மரபு மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னால் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது அவர்கள் அதை உண்ணவில்லை. இது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டதற்கு, இல்லை என்றும், தம் மக்களின் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு அதில் விருப்பமில்லை என்றும் விடையளித்தார்கள். காலித் அதை நபியவர்களின் முன்னிலையிலேயே உண்டார். பழக்கமில்லாத உணவின் மீது வரும் தயக்கத்தை மதவிதியாக உயர்த்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. வெட்டுக்கிளி எங்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான்; ஆனால் கிண்ணியாவில் அதை உண்பவர் எவரையும் நான் கண்டதில்லை. உயிர் போகும் நிலையில் வேறு வழியின்றி விலக்கப்பட்டதை உண்பவர் மீது குற்றமில்லை என்று திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 173ஆம் வசனம் சொல்வதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நண்டைப் பற்றி ஒரு சொல். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) கடல் உயிரினங்களுக்குப் பரந்த அனுமதி உண்டு. ஹனபி மத்ஹபில் மீன் மட்டுமே அனுமதி. ஆனாலும் நண்டு நிலத்திலும் நீரிலும் வாழ்வதால் அது கூடுமா என்பதில் ஷாபிஈ நூல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரே தெருவில் நண்டுக்கறி சமைக்கும் வீடும் அதைத் தவிர்க்கும் வீடும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொட்டியாரன் எழுதியது:

உடும்பு பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் கொட்டியாரக் குடாவோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1660ஆம் ஆண்டு இங்கே சிறைபிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். அதில் கபரகொய்யாவையும் உடும்பையும் அடுத்தடுத்து விவரிக்கிறார். இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை. உடும்பு இறைச்சியை மிகச் சிறந்ததாகக் கொண்டாடிய மக்கள், கபரகொய்யாவை உண்ணவில்லை என்பது அவர் எழுதியதன் சாரம். கபரகொய்யா நீரோரத்தில் வாழ்ந்து பிணத்தையும் அழுகியதையும் தின்பது. உடும்பு தரையில் பூச்சி புழுக்களைத் தின்பது. ஊர்ப்பன்றியையும் காட்டுப்பன்றியையும் நீங்கள் ஒப்பிட்டதற்கும் இதுவே விடை என்று நினைக்கிறேன். ஒரு விலங்கின் வாய்க்குள் போனது நம் வாய்க்குள்ளும் வருகிறது என்ற எண்ணமே, கழிவைத் தின்னும் பன்றியைத் தள்ளிவைத்துக் கிழங்கையும் காட்டுப் பழத்தையும் தின்னும் பன்றியை ஏற்கச் செய்கிறது. வெருகல் பக்கத்துக் கடற்கரை வேடர்களின் முன்னோர் உட்பட, காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் அனைவரும் இந்த வேறுபாட்டை நுணுக்கமாக அறிந்திருந்தார்கள். இன்று உடும்பு, கபரகொய்யா இரண்டுமே பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் கொள்க.

குச்சவெளியான் எழுதியது:

நான் கடற்றொழில் செய்யும் குடும்பத்தவன். மதம், பொருளாதாரம் என்று பேசும்போது நஞ்சு என்ற காரணத்தை விட்டுவிட வேண்டாம். கடலில் அது உயிர்ப் பிரச்சினை.

பேத்தை மீன் வலையில் ஏறினால் நாங்கள் அதை எறிந்துவிடுகிறோம். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. இது தாத்தாவிடமிருந்து தகப்பனுக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் வந்த அறிவு. இதில் யாரும் பரிசோதனை செய்து பார்க்கத் தேவையில்லை, செய்யவும் கூடாது.

கடலாமை இதைவிடச் சிக்கலானது. முற்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஆமை இறைச்சி உண்டவர்கள் இருந்தார்கள். இப்போது எல்லாக் கடலாமைகளும் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. பிடிப்பதும் இறைச்சியை வைத்திருப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம். ஆனால் சட்டத்துக்கு முன்பே அழுங்காமையைப் பற்றிய அச்சம் இருந்தது. கடற்பஞ்சுகளைத் தின்னும் அந்த ஆமையின் இறைச்சி சில வேளைகளில் கொடிய நஞ்சாகிவிடும். உண்ட தாயின் பாலைக் குடித்த குழந்தையும் பாதிக்கப்படக்கூடும். எந்த ஆமை நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று பார்த்து அறிய முடியாது. இப்படி நிச்சயமில்லாத ஆபத்து உள்ள இடத்தில், "இந்த இனத்தையே தொடாதே" என்று ஒட்டுமொத்தமாக விலக்குவதே பாதுகாப்பு.

எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா வறை கொடுப்பார்கள். நண்டு, இறால், கணவாய், சூரை முதலியவற்றைக் கிரந்தி (உடலில் தடிப்பும் கடியும் உண்டாக்குவது) என்று சொல்லித் தவிர்ப்பார்கள். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். ஐஸ் இல்லாத காலத்தில் வெயிலில் கிடந்த சூரையைச் சமைத்து உண்டவருக்கு உடல் சிவந்து தடித்துக் கடித்ததை எங்கள் பாட்டிமார் கண்ணால் கண்டிருந்தார்கள். சூரை இனத்து மீன்களைக் குளிரில் வைக்காவிட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது என்றும், சமைத்த பின்னும் அது எஞ்சியிருந்து தடிப்பை உண்டாக்குகிறது என்றும் இன்று மருத்துவம் சொல்கிறது. நண்டும் இறாலும் சிலருக்கு ஒவ்வாமை தருகின்றன. கிரந்திப் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. முழுவதையும் தூக்கி எறியவேண்டாம் என்றே சொல்கிறேன்.

மானிடவியல் மாணவி எழுதியது:

நான் இத்துறையை இப்போதுதான் பயின்று வருகிறேன். மூத்தவர்கள் சொன்னவற்றோடு மேலும் இரண்டு வாதங்களைச் சேர்க்க அனுமதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலாவது, பிரித்தானிய மானிடவியலாளர் மேரி டக்ளஸ், ஹாரிஸின் கட்டுரை வந்த அதே 1966ஆம் ஆண்டில் முன்வைத்தது. பழைய ஏற்பாட்டின் லேவியராகமம், நிலவிலங்கு என்றால் விரிகுளம்பும் அசைபோடுதலும் வேண்டும், நீர்வாழ்வன என்றால் துடுப்பும் செதிலும் வேண்டும் என்று வகுக்கிறது. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, ஆனால் அது அசைபோடுவதில்லை. ஒட்டகம் அசைபோடுகிறது, ஆனால் அதன் குளம்பு விதியில் சொன்னபடி அமைந்திருக்கவில்லை. வகைக்குள் முழுமையாக அடங்காத உயிர்கள் தீட்டாகக் கருதப்பட்டன என்றார் டக்ளஸ். பிற்காலத்தில் அவரே இந்த விளக்கத்தைத் திருத்தியமைத்தார் என்றாலும், மக்கள் தம் உலகத்தை வகைப்படுத்தும் முறை அவர்களுடைய உணவையும் வரையறுக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. கிண்ணியா ஐயா சொன்ன நண்டு விவாதம் இதற்கு நெருக்கமானது: நிலத்துக்கும் நீருக்கும் நடுவில் நிற்கும் உயிரே அங்கும் கேள்விக்குள்ளாகிறது. ஒட்டகம் யூதருக்கு விலக்கு, அரேபிய முஸ்லிம்களுக்கு உணவு. பன்றியோ இருவருக்கும் விலக்கு. ஆகவே பாலைவனம் என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் விளக்கிவிட முடியாது.

இரண்டாவது வாதமே, ஆசிரியை அவர்களே, உங்கள் மானுக்கு நெருங்கி வருகிறது. எட்மண்ட் லீச் 1954இல் நம் நாட்டின் வடமத்திய மாகாணத்தில் புல் எலிய என்ற கிராமத்தில் கள ஆய்வு செய்தவர். அவர் 1964இல் எழுதிய ஒரு கட்டுரையில், விலங்குகளை மனிதர்கள் தமக்கு உள்ள நெருக்கத்தின் அளவில் வரிசைப்படுத்துகிறார்கள் என்றார். வீட்டுக்குள் வாழும் நாயும் பூனையும் மிக நெருங்கியவை, அவற்றை உண்பதில்லை. தொழுவத்து விலங்குகளும் வேட்டை விலங்குகளும் இடைப்பட்ட தூரத்தில் இருப்பவை, அவையே உணவு. எட்டாத் தொலைவில் உள்ள அந்நிய விலங்குகள் மீண்டும் உணவு அல்ல. இந்த வரிசை, யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்ற உறவு வரிசையோடு ஒத்துப்போகிறது என்பது அவருடைய வாதம். அவர் முக்கியமாக ஆங்கிலச் சமூகத்தை வைத்தே இதை எழுதினார். எல்லாச் சமூகங்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் கருதவில்லை. ஆனால் கோட்டை மான் தன் இனத்தால் காட்டு விலங்கு, தன் வாழிடத்தால் நகரவாசி. மக்கள் அதற்குத் தம் கையால் உணவு கொடுக்கிறார்கள். அதன் குட்டி வளர்வதைப் பார்க்கிறார்கள். கோயிலைச் சூழ்ந்து அது திரிவதால் அதன் மீது ஒரு புனிதமும் படிகிறது. காட்டு மானோடு இந்த உறவு எதுவும் இல்லை. என் கருத்தில், விலக்கு விலங்கின் உடலில் இல்லை. அந்த விலங்குக்கும் நமக்கும் இடையே வளர்ந்த உறவில் இருக்கிறது. இனம் ஒன்றாக இருக்க உறவு மாறினால், உணவு என்ற நிலையும் மாறிவிடுகிறது.

பௌத்த விநயம் (துறவியருக்கான ஒழுக்க விதிகளின் தொகுப்பு) பிக்குகளுக்குப் பத்து வகை இறைச்சியை விலக்குகிறது: மனிதன், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி. அங்கே சொல்லப்படும் காரணங்களைக் கவனியுங்கள். யானையும் குதிரையும் அரசனுக்குரியவை, நாய் அருவருப்புக்குரியது, சிங்கம் புலி முதலியவற்றை உண்டவனின் மணத்தை அறிந்து அவ்விலங்குகள் காட்டில் தாக்கும். அரசியல், அருவருப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. ஒரே காரணத்தைத் தேடுகிற எந்தக் கோட்பாடும் இந்தப் பட்டியலைத் தாண்டிச் செல்ல முடியாது என்பது என் எண்ணம். குதிரை இறைச்சியை மூன்றாம் கிரகோரி பாப்பரசர் 732ஆம் ஆண்டளவில் தடுத்ததும், செர்மானியரின் பழைய வழிபாட்டுப் பலியோடு அதற்கிருந்த தொடர்பால்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1866இல் பிரான்ஸ் அதன் விற்பனையைச் சட்டப்படி அனுமதித்தது.

விலக்கு ஏன் அறிவுக்குக் கட்டுப்படாமல் நிலைக்கிறது என்று தம்பலகாமத்து ஐயா எழுப்பிய ஐயத்துக்கு உளவியலில் ஒரு விடை உண்டு. போல் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், முற்றாகக் கிருமி நீக்கப்பட்ட கரப்பான் பூச்சி ஒன்றைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்துவிட்டு அச்சாற்றைக் கொடுத்தபோது, ஆபத்தில்லை என்று அறிந்திருந்தும் மக்கள் அதை விரும்பவில்லை. அருவருப்பு அறிவோடு வாதாடுவதில்லை. சிறு வயதில் குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அந்த உணர்வு, உழவு மாடு போய் இயந்திரம் வந்த பிறகும் நம்மை விட்டுப் போவதில்லை.

உப்புவெளி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உறவே காரணம் என்ற விளக்கம் மானுக்குப் பொருந்துகிறது. ஆனால் எனக்கு ஒரு தடை எழுகிறது. ஆட்டையும் கோழியையும் நம் முற்றத்திலேயே வளர்க்கிறோம். கையால் தீனி போடுகிறோம். பிள்ளைகள் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைக்கிறார்கள். அப்படியிருந்தும் தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சமைக்கிறோம். நெருக்கம் விலக்கை உண்டாக்கும் என்றால் இங்கே ஏன் அது நிகழவில்லை?

மானிடவியல் மாணவி எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் தீபாவளி ஆட்டை நம் ஊர்களில் எப்படிப் பெறுகிறோம் என்பதைப் பாருங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை விலைக்கு வாங்கிப் பங்கு போடுகின்றன. அந்த ஆடு பெரும்பாலும் பங்குதாரர் வளர்த்தது அல்ல. தம் கையால் வளர்த்த ஆட்டை விற்றுவிட்டு வேறு ஆட்டின் இறைச்சியை வாங்குகிறவர்கள் உண்டு. வளர்த்த கோழியை அறுக்க அயல் வீட்டாரை அழைக்கிறவர்கள் உண்டு. அறுத்த பின் அந்தக் கறியை உண்ண மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. பால் கொடுத்த பசுவை விற்கும்போது, அது அறுப்புக்குப் போகாத இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவதையும் கேட்டிருப்பீர்கள். நெருக்கம் அங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் விற்பனை, பங்கு, அயலார் கை என்று இடையில் ஒரு தூரத்தை உண்டாக்கிக்கொண்டு மக்கள் உண்கிறார்கள். கோட்டை மானுக்கு உரிமையாளர் இல்லை, அதை விற்பவரும் இல்லை. ஆகவே அந்தத் தூரத்தை உண்டாக்க வழியும் இல்லை.

குச்சவெளியான் எழுதியது:

தங்கை சொல்வது சரி. மீனுக்கு இந்தச் சிக்கல் எழுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் மீனை முற்றத்தில் வளர்ப்பதில்லை. அதன் குரலைக் கேட்பதில்லை. செவ்வாய், வெள்ளியில் மச்சம் சமைக்காத வீட்டாரும் மற்ற நாட்களில் மீனைத் தயக்கமின்றி உண்பதற்கும், ஆட்டிறைச்சியை விட்டவர்களில் பலர் மீனை விடாமலிருப்பதற்கும் அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிண்ணியா அன்பர் எழுதியது:

அப்படியானால் கோழியையும் கவனிக்கவேண்டும், சகோதரி. நம் நாட்டில் எல்லாச் சமூகத்தவரும் பொதுவாக ஏற்கும் இறைச்சி இன்று கோழிதான். மாட்டை விலக்குபவருக்கும் பன்றியை விலக்குபவருக்கும் அதில் மதத்தடை இல்லை. எங்களுக்கு ஹலால் முறைப்படி அறுக்கப்பட்டிருந்தால் போதும். ஆனால் அந்தக் கோழி இப்போது முற்றத்தில் வளர்வது குறைந்து, பண்ணையில் வளர்ந்து, தோலும் தலையும் நீங்கித் துண்டுகளாகக் கடைக்கு வருகிறது. மாணவி சொன்ன தூரத்தை முன்பு அயல் வீட்டுக்காரர் உண்டாக்கினார். இப்போது கடையே அதை முழுமையாகச் செய்துவிடுகிறது. உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் உண்ணும் ஓர் இறைச்சியை எடுத்துப் பேச விரும்பினால், கோழியிலிருந்து தொடங்கி, அதை முற்றத்தில் வளர்த்த காலத்து வீட்டுப் பெரியவர்கள் எப்படி உண்டார்கள் என்று பிள்ளைகளை விசாரித்து வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நானும் கேட்டு இங்கே எழுதுகிறேன்.